முகம் காட்டக் கேட்ட அட்டை

கிட்ட வாங்க என் கண்ணுங்களா, கதவோரம் நிற்கிறவங்களும் உள்ளே வந்து உட்காருங்க. கண்ணில் படாமல் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்த ஓர் உண்ணியின் கதை சொல்கிறேன். கேட்கக் குமட்டும். ஆனாலும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லப்பைக்குடிக்காட்டு சாகிராவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது அவள் புருஷன் ஹுமாயூன் சவூதியில் தம்மாமில் வேலையில் இருந்தான். இரண்டாயிரத்து ஏழாம் வருஷத் தொடக்கம் அது. பிள்ளைக்கு மர்ஜியா என்று பெயர் வைத்தார்கள். நோன்புப் பெருநாளைக்கு அவன் வந்து பிள்ளையைத் தூக்க வேண்டும். டிக்கெட்டுக்கு என்று பேங்கில் இருவர் பேரிலும் ஒரு கணக்கு, ஆளுக்கொரு ஏடிஎம் அட்டை.

நாற்பது நாள் கழிந்ததும் அவன் போனில் கெஞ்சினான். "அதுவரைக்கும் தாங்காது புள்ள. ஒரு தடவ முகத்தக் காட்டு. கம்ப்யூட்டர்ல படம் தெளிவா தெரியுற எடம் ஒண்ணு இருக்காம், ரூம்ல சொன்னாங்க."

சாகிரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள். அங்கே பிரௌசிங் சென்டர் வைத்திருந்த வீரமணி அந்த இடத்தைத் திறந்து கொடுத்தான்.

"அக்கா, ஒரு மாசம் இலவசமாம். அடையாளத்துக்கு அட்டை நம்பர் மட்டும் கேக்குறான்."

"ரகசிய நம்பர் கேக்குறானா?"

"இல்லக்கா. அட்டை மேல இருக்குறது மட்டுந்தான்."

மாமியாருக்குக்கூடச் சொல்லாமல் சாகிரா காத்துவந்தது அந்த ரகசிய நம்பரைத்தான். அது கையில் இருக்கும்போது என்ன பயம் என்று அட்டையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். திரையில் ஹுமாயூன் பிள்ளையைப் பார்த்துக் குலுங்கி அழுதான். அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. கைப்பிள்ளையோடு மறுபடி பஸ் ஏற முடியவில்லை. அந்தப் பக்கமே பிறகு போகவில்லை.

அதற்கடுத்த மாதத்திலிருந்து கணக்கில் பணம் குறையத் தொடங்கியது. ஏடிஎம்மில் பார்த்தபோது சாகிராவுக்குத் துணுக்கென்றது. 'மச்சான் அங்கேயிருந்து எடுத்து மாமிக்குக் கொடுக்கிறார் போல' என்று நினைத்துக்கொண்டாள். மகன் தாய்க்குக் கொடுப்பதைப் பெண்டாட்டி கேட்பது அந்த ஊரில் மரியாதை இல்லை. அங்கே ஹுமாயூனும் பார்த்தான். 'பச்சை உடம்புக்காரி, ஏதாவது வாங்கித் தின்னட்டும்' என்று அவனும் வாயைத் திறக்கவில்லை. இந்த இரண்டு நல்ல மனசுக்கும் நடுவில் உட்கார்ந்து அந்த உண்ணி கொழுத்தது.

மாமியார் இஃப்பத் பீவி ஒரு நாள் புது மிக்ஸியோடு வந்து இறங்கினாள். சாகிராவால் பொறுக்க முடியவில்லை.

"மாசாமாசம் வருதுல்ல மாமி, மிக்ஸி என்ன, ஃபிரிட்ஜே வாங்கலாம்."

"என்னடி வருது? இது எங்க அண்ணன் வாங்கிக் குடுத்தது. எம்மவன் குடுத்தா தெருவெல்லாம் தம்பட்டம் அடிச்சிருக்க மாட்டேனா?"

அன்றைக்கே ஹுமாயூனிடமிருந்து போன் வந்தது. "டிக்கெட்டுக்குப் பத்தலயே. ரொம்ப எடுத்துட்டியா சாகிரா?"

"நானா? நீங்க எடுக்கலயா மச்சான்?"

போனை வைத்ததும் சாகிரா மாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுநாள் மருமகளை இழுத்துக்கொண்டு மாமியாரே பேங்குக்குப் போனாள். அங்கே இருந்த பிரவீணா மேடம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். "வெளிநாட்டுக் கம்பெனிம்மா. மாசச் சந்தா எடுக்குறான்."

"நான் எதுலயும் சேரலீங்களே. புள்ள முகத்தக் காட்ட ஒரு மாசம் இலவசம்னான், அட்டை நம்பர் மட்டுந்தான் குடுத்தேன்."

"நம்பர் நீங்கதானே குடுத்தீங்க? இலவச மாசம் முடிஞ்சா தானா எடுத்துக்குவான். அதுக்கு ரகசிய நம்பர் வேண்டாம், அட்டையில அச்சடிச்சிருக்குறதே போதும்."

சாகிரா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை முகத்துக்கா இவன் வாடகை வாங்கினான்?

பிரவீணா மேடம் அட்டையை உடனே முடக்கினாள். புகார் எழுதி வாங்கினாள். பணம் எடுத்தால் போனுக்குத் தகவல் வரும்படி செய்தாள். "சேமிப்புக் கணக்கு அட்டைய எங்கயும் காட்டாதீங்க. தேவைன்னா கொஞ்சமா காசு போட்டுத் தனிக் கணக்கு வச்சுக்குங்க. மாசாமாசம் என்னென்ன போயிருக்குன்னு கேளுங்க, பேங்குலயும் கேளுங்க, வூட்டுலயும் கேளுங்க."

சந்தாவையும் நிறுத்தச் சொன்னாள். சாகிரா மறுபடி பிரௌசிங் சென்டருக்குப் போனாள். வீரமணி வெகுநேரம் தேடி, பக்கத்தின் அடியில் எறும்பு போல ஒளிந்திருந்த எழுத்தைக் கண்டுபிடித்து அழுத்தினான். திரையில் ஒரு மஞ்சள் மூஞ்சி கண்ணீர் விட்டது.

"என்னடா சொல்லுது?"

"எங்கள விட்டுப் பிரியணுமான்னு கேக்குதுக்கா. இருந்தா பாதிக் காசாம்."

"சீ! திருடித் தின்னுபுட்டு அழுவுது பாரு. அமுக்குடா அத!"

மூன்று தடவை அழுதுவிட்டுத்தான் அது ஒழிந்தது. சாகிரா வெளியே வந்து குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

கடைசி இரண்டு மாதப் பணம் மட்டும் திரும்பியது. பெருநாள் ஹுமாயூன் இல்லாமலே கழிந்தது. கார்த்திகை மழையில் நனைந்து வந்து வாசலில் நின்று அவன் கையை நீட்டியபோது, மர்ஜியா வீறிட்டுப் பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"பழகிடுவாடா, உள்ள வா," என்றாள் இஃப்பத் பீவி. பிள்ளையை மருமகளிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பழைய அட்டையைக் கேட்டு வாங்கிப் பாக்குவெட்டியில் வைத்து நறுக்கினாள். "ச்சூ, வெத்தலைக்கு ஆவாத பாக்கு," என்று துண்டுகளைக் குப்பையில் எறிந்துவிட்டு, பாக்குவெட்டியைச் சாம்பல் போட்டுத் துலக்கினாள்.

உங்கள் வீட்டு உலை என்றும் கொதிக்கட்டும், என் கண்ணுங்களா. கடல் தாண்டிப் போனவர்கள் நினைத்த நாளில் வந்து சேரட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்பன் முகம் பார்த்துச் சிரிக்கட்டும். ஒருவரை ஒருவர் கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்ளும் வாய் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருக்கட்டும்.