பிரேக் மேல் ஒரு பிரவுன் ஷூ

1

இந்தக் கதை ஒரு பேருந்துப் படிக்கட்டில் பிறந்தது. படியில் ஏறப் போகிறவரின் கண் ஓட்டுநரின் முகத்துக்கு நேராக இருப்பதில்லை, காலுக்கு நேராக இருக்கிறது. நான் பார்த்தது பிரேக் மேல் ஒரு பிரவுன் தோல் ஷூவை. அப்படியொரு பளபளப்பு! என் செருப்பை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டுநர் ஒரு நடுவயதுப் பெண்மணி.

ஷூ மட்டும்தான் நிஜம். மற்றதெல்லாம் நான் கட்டியது. கட்டிய விதத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

2

"அன்று மழை தூறிக்கொண்டிருந்தது, அவள்—"

(வேண்டாம். மழையில் தொடங்குவதில்லை என்று சபதம் செய்தவன் நான். தவிர, 'அவள்' என்று எழுதியதும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இனி 'அவர்'தான்.)

2, மறுபடியும்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஓட்டுநர் ஜன்னலோரம் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். லேஸை உருவினார். பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் காய விட்டார். வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும். பிறகு பனியன் துணியை இரண்டு விரலில் சுற்றிக்கொண்டு, ஷூவைவிட ஒரு சாயல் வெளிறிய பாலிஷைத் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். வெளிறியிருந்தால் இன்னொரு கை போட்டுக்கொள்ளலாம், கருத்துவிட்டால் கருத்ததுதான். வலது ஷூவுக்கு எப்போதும் கூடுதல் கவனிப்பு. பிரேக்கை மிதித்து மிதித்து விரல் மடங்கும் இடத்தில் ஆழமாக ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

அந்த மடிப்புக்கு ஒரு வீரக்கதை எழுதிப் பார்த்தேன். "குழந்தை குறுக்கே ஓடிவர, நூலிழையில் அவர்—" எனக்கே கூச்சமாகிவிட்டது. குழந்தையும் வரவில்லை, கிழவரும் வரவில்லை. இத்தனை வருஷமும் அந்த வண்டியில் ஒன்றுமே நடக்கவில்லை. நடக்காமல் பார்த்துக்கொண்டது அந்த வலது கால். ஊரில் வேறு எத்தனையோ வண்டி ஓடுகிறது, ஆனால் நிறுத்தத்தில் இவர் வண்டியின் எண்ணை யாரும் கேட்பதில்லை. "பிரவுன் ஷூ போயிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். இது காதில் விழும்போதெல்லாம் அவருக்கு அரை அங்குலம் உயரம் கூடும்.

4

(மூன்றில் பணிமனை மேனேஜரை வில்லனாக்கியிருந்தேன். பாவம், நல்ல மனிதர். அந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன்.)

சனிக்கிழமை மேனேஜர் தானே நேரில் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. திங்கட்கிழமையிலேர்ந்து எல்லா டிரைவருக்கும் கறுப்பு ஷூதான். இல்லேன்னா வண்டி தரக் கூடாதாம். மேலேர்ந்து வந்த உத்தரவு."

மேலே இருப்பது நான்தான். கதைக்கு ஒரு சிக்கல் தேவைப்பட்டது.

புதிதாக ஒரு கறுப்பு ஷூ வாங்கினால் போயிற்று என்கிறீர்கள். ஓட்டுநரின் கணவரும் அதைத்தான் சொன்னார். பேன்ட் தைக்கும் தையல்காரர் அவர்.

"புது ஷூவுக்குப் பிரேக்கை எவ்வளவு மிதிக்கணும்னு தெரியாதுங்க" என்றார் ஓட்டுநர். "அது பழகற வரைக்கும் பின்னாடி நிக்கறவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழணுமா? என் வண்டியில அதெல்லாம் கிடையாது."

5

ஆக, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பாலிஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில்கள் வந்து உட்கார்ந்திருந்தன. கணவர் வாங்கி வந்தவை. ஒன்றில் கறுப்புச் சாயம்.

"நிறம்தானே மாறப்போவுது? ஷூ அதேதானே?"

"பிரவுனைக் கறுப்பாக்கிடலாம். கறுப்பைத் திரும்ப பிரவுனாக்க முடியுமா? துணியோட மல்லுக்கட்டறவர் நீங்க, சொல்லுங்க."

கணவர் சாயப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து வைத்தார். ஓட்டுநர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாயத்தில் தோய்த்த பிரஷ்ஷை வலது ஷூவின் மூக்கில் வைத்தார்.

சாயம் ஏறவில்லை. முத்து முத்தாகத் திரண்டு, பளபளப்பின் மேல் உருண்டு, ஓரமாக வழிந்து செய்தித்தாளில் விழுந்தது. ஓட்டுநர் துணியால் ஒரு தடவை துடைத்தார். கீழே பிரவுன் அப்படியே இருந்தது.

"என்ன இது, பிடிக்கவே மாட்டேங்குது?" என்றார் கணவர்.

ஓட்டுநர் சிரித்துவிட்டார். அப்படியொரு பெருமை அந்தச் சிரிப்பில். "எப்படிங்க பிடிக்கும்? எத்தனை வருஷத்து மெழுகு! மழைக்கே அசையாத ஷூ, உங்க சாயத்துக்கா அசையும்?"

(எனக்கும் இது தெரியாது. சாயம் ஏறிவிடும், இவர் அழுவார், கதை முடியும் என்று இருந்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.)

கணவர் தயங்கித் தயங்கி இரண்டாவது பாட்டிலை நகர்த்தினார். "கடைக்காரர் சொன்னாரு. முதல்ல இந்தத் தின்னரைப் போட்டு பழைய பாலிஷை உரிச்சு எடுத்துடணுமாம். அப்புறம்தான் சாயம் ஏறுமாம்."

"பூராவுமா?"

"பூராவும்தான்."

ஓட்டுநர் பாட்டிலைக் கையில் எடுத்தார். மடியில் ஷூ இருந்தது. உரித்தால் நாளைக்கு வண்டி உண்டு. உரிக்காவிட்டால் ஷூ உண்டு.

6

மேனேஜர் இவருக்கு மட்டும் விலக்கு வாங்கித் தருவதாக ஒரு முடிவு எழுதினேன். "சலுகையா? எனக்கா?" என்று கேட்டு ஓட்டுநர் காகிதத்தைத் தள்ளிவிட்டார். பயணிகள் அத்தனை பேரும் பிரவுன் ஷூவோடு வந்து நிற்பதாக இன்னொன்று. அதை நானே தள்ளிவிட்டேன், சினிமாவில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, "ஓட்டுநர் மூடியைத் திருகினார். பிறகு—"

பிறகு என்பதற்கு அப்புறம் என் பேனா நகரவில்லை. அவர் தேய்த்துத் தேய்த்து ஏற்றியதை ஒரே வரியில் உரிக்க எனக்குக் கை வரவில்லை. அவரிடமிருந்து வண்டியைப் பிடுங்கவும் வரவில்லை. இந்தக் கதையின் மேலதிகாரி பதவியை ராஜினாமா செய்கிறேன். இனி அது உங்களுடையது.

திங்கட்கிழமை காலை, நிறுத்தத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். வண்டி வருகிறது. கதவு திறக்கிறது. ஓட்டுகிறவர் அவர்தானா, பிரேக் மேல் இருப்பது என்ன நிறம், எல்லாம் உங்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இல்லை. அவர் வந்திருந்தால், எந்த நிறமானாலும் அந்த ஷூ பளபளக்கும்.