பாய் இறக்கிய பகல்

சன்னலுக்கு அப்பால், கடலில், தோணிகளின் வெள்ளைப் பாய்கள். காற்றைக் குடித்து வீங்கிய பாய்கள். நிற்க மாட்டாத பாய்கள்.

சன்னலுக்கு இப்பால் அறுபது பெண்கள். தூத்துக்குடி இறால் கம்பெனியின் ஈரத் தரையில், வெள்ளை ஏப்ரன் கட்டி, பனிக்கட்டிக்குள் கைவிட்டு. நில். உரி. அடக்கு.

அடக்கு என்பதே இங்கே சட்டம். கழிப்பறைக்குப் போக ஒரு பித்தளை டோக்கன். அறுபது பேருக்கு ஒன்றே ஒன்று. மனித உடம்பின் நீருக்கும் அனுமதிச் சீட்டா? எந்த வேதம் எழுதியது இதை? எந்தக் கடவுள் கையெழுத்திட்டான்?

பிலோமினாவின் இடுப்பில் ஒரு துண்டறிக்கை மடிந்திருந்தது. காலையில் வாசலில் யாரோ கொடுத்தது. ஒரே ஒரு சொல்லின் பிறப்பைச் சொன்னது. ஸ்ட்ரைக்.

அவளுக்கு அந்தச் சொல் என்றால் கல், தடியடி, பூட்டிய கதவு. தாள் வேறொன்று சொன்னது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் இருக்கும், லண்டன் துறைமுகம். கூலி போதாத மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கினார்கள். பாய் இறக்குவதற்கு அவர்கள் பேச்சில் ஸ்ட்ரைக் என்று பெயர். பாய் இறங்கியது. வணிகம் நின்றது. சொல் மட்டும் உலகெங்கும் நடந்தது.

பாய் இறக்குவது அவள் அறியாததா? தோணிக்காரன் மகள் அவள்.

மதியம் முழுதும், உரித்த இறாலையே மறுபடி எடுத்தாள். சன்னலைப் பார்த்தாள். மறுபடி சன்னலைப் பார்த்தாள்.

பக்கத்தில் ஜெசிந்தா. ஐந்து மாதக் கர்ப்பிணி. அடக்கி அடக்கிப் போன மாதம் காய்ச்சலில் விழுந்தவள். இனியும் அடக்கினால் பிள்ளைக்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"யக்கா, தாங்கல."

டோக்கன் சூப்பர்வைசரின் சட்டைப்பையில் இருந்தது. "ரெண்டு தடவ போயாச்சு. இனி அஞ்சு மணிக்குத்தான். வயித்துல இருக்கது பிள்ளையா, கடலா?"

பிலோமினா நிமிர்ந்தாள். மூத்தவள் மரியபாக்கியம் பதறினாள்.

"ஏட்டி, வாயத் தொறந்திராத. வேல போச்சுன்னா அடுப்புல பூனதான் படுக்கும்."

"வேல போனா வேற வேலக்கா. இவ பிள்ள போனா?"

மரியபாக்கியம் ஜெசிந்தாவின் வயிற்றைப் பார்த்தாள்.

பிலோமினா முதுகுக்குப் பின்னால் கை கொண்டுபோனாள். விரல்கள் விறைத்திருந்தன. ஏப்ரன் முடிச்சு மறுத்தது. இழுத்தாள். மறுத்தது. பிறகு வேறு இரண்டு கைகள் வந்து அவிழ்த்தன.

"முடிச்சுகூட ஒழுங்காப் போடத் தெரியல, இவ பேச வந்துட்டா" என்று முணுமுணுத்தாள் மரியபாக்கியம்.

ஏப்ரன் இறங்கியது. அடுத்து மரியபாக்கியத்தினுடையது. பிறகு ஒன்று. பிறகு ஒரு வரிசை. பிறகு எல்லா வரிசையும். கல் இல்லை. கூச்சல் இல்லை. பனி கரையும் ஓசை மட்டும்.

சூப்பர்வைசரின் கை சட்டைப்பைக்குப் போனது. "இந்தாம்மா, போய்ட்டு வா. எல்லாரும் ஏப்ரனக் கட்டுங்க."

நீட்டிய கையில் டோக்கன் மின்னியது. ஜெசிந்தா அதைத் தொடவில்லை. வெறுங்கையோடு, வயிற்றைத் தாங்கியபடி, அவரைக் கடந்து நடந்தாள்.

சன்னலுக்கு அப்பால் பாய்கள் காற்றோடு மல்லாடிக்கொண்டிருந்தன. சன்னலுக்கு இப்பால், ஈரத் தரையில், அறுபது வெள்ளைப் பாய்கள் இறங்கிக் கிடந்தன.