ஜூன் மாதத்து நாற்பது பேர்

இளநிலைப் பட்டத்தில் எங்கள் வகுப்பில் நூற்றெண்பது பேர். பட்டத்துக்குப் பின் ஓராண்டு படிக்கும் தகவல் தொழில்நுட்ப ஹானர்ஸுக்கு வந்தது ஆறு பேர். அவர்களில் நான்கு பேருக்கு மார்ச் முடிவதற்குள் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்துவிட்டது. மிஞ்சியது நானும் முகோனியும். அவன் காதில் ஹெட்போனை மாட்டினால் மாலை வரை கழற்ற மாட்டான். ஹானர்ஸ் என்றால் அதுதான். வகுப்பு குறைவு, தேர்வு குறைவு. ஓர் ஆய்வு, ஒரு கணினி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வழிகாட்டியோடு பதினைந்து நிமிடம்.

இரவில் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தேன். காலையில் அதே சீருடையோடு ஆய்வகத்துக்கு வந்துவிடுவேன். முகோனி வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசுவான்.

"டேய் பெட்ரோல், இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

நான் பதில் சொல்வதற்குள் ஹெட்போன் காதுக்குப் போய்விடும்.

என் ஆய்வு எங்கள் ஊர்க் கிளினிக்கின் வரிசையைப் பற்றியது. கதவு திறப்பது எட்டு மணிக்கு. ஆட்கள் ஐந்து மணியிலிருந்தே போர்வையோடு வந்து நிற்பார்கள். கைப்பேசியில் சில எண்களை அழுத்தினால் அன்றைய முறை எண் வீட்டுக்கே வந்துவிடும்படி ஒரு செயலி எழுதினேன். அது வேண்டுமா என்று நாற்பது பேரிடம் கேட்டு நிரூபிக்க வேண்டும். கேட்பதற்கு முன் பல்கலைக்கழக நெறிக்குழுவின் அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் போட்டேன். குழு ஜூலையில்தான் கூடும் என்றார்கள்.

ஜூன் மாதம் பத்து நாள் என்னிடம் யாருமே பேசவில்லை, முகோனிகூட. பங்கில் "நிரப்பு", "எண்ணெய் பாரு" என்பார்கள். அதைப் பேச்சு என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை. பதினோராம் நாள் காலை ஒப்புதல் படிவங்களை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். கடிதம் வரவில்லை என்பது தெரிந்தேதான் போனேன்.

எங்கள் பக்கம் யாரிடமும் எடுத்தவுடன் கேள்வி கேட்க முடியாது. குனிந்து கைகூப்ப வேண்டும், யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டும், அவர்கள் வீட்டு நலம் கேட்க வேண்டும். வரிசையில் நின்ற, தக்காளி விற்கும் மசிந்தி அம்மா என்னை அதோடு விடவில்லை.

"கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? சாப்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"படிச்சவங்களுக்குப் பசிக்காதாக்கும். இந்தா, புடி." எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான மாக்வின்யா ஒன்றைக் கையில் திணித்தார். "இப்பக் கேளு. என்னமோ போன்ல நம்பர்னியே."

செயலியை விளக்கினேன். மென்றுகொண்டே கேட்டார்.

"அப்போ நான் இங்க வந்து நிக்க வேண்டாமா?"

"வேண்டாம்மா. வீட்லயே இருக்கலாம்."

"வீட்ல என்னடா இருக்கு? நாலு செவுரு. எனக்குச் சர்க்கரை. மாசாமாசம் வரேன். ஒரு மாசம் வரலன்னா பின்னால நிக்கிற இவளுங்க ரெண்டு பேரும் கெளம்பி வீட்டுக்கு வந்துருவாளுங்க. உன் போன் வருமா?"

பின்னால் நின்ற பெண் சிரித்தாள். "வரும்க்கா. பில்லோட வரும்."

நான்கு காலைகளில் நாற்பது பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் இதையேதான் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். ஜூன் எங்களுக்குக் குளிர்காலம்; குளிரைத் திட்டினார்கள், நர்ஸைத் திட்டினார்கள், வரிசையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாம் ஒலிப்பதிவில் இருந்தது. என் செயலி தேவையில்லை என்பதுதான் முடிவு. அதையே ஆய்வாக எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஆண்டு முழுவதிலும் எனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை அது.

செப்டம்பரில் என் வழிகாட்டி டாக்டர் முக்வேவோ பின்னிணைப்பைப் புரட்டினார். நெறிக்குழுவின் கடிதத்தில் தேதி ஜூலை பதினொன்று. நாற்பது படிவங்களிலும் அவரவர் கையெழுத்தோடு ஜூன் தேதி.

"ரெந்தானி, இது என்ன?"

"முன்னாடியே கேட்டுட்டேன் டாக்டர்."

"ஏன்?"

பத்து நாள் யாரும் பேசவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "நேரம் போதாதுன்னு நெனச்சேன்."

"இதுல ஒரு வரியைக்கூட நீ பயன்படுத்த முடியாது. ஆய்வுல இதப் பத்தி மூச்சு விட்டாலும் குழு உன்னைத் தூக்கிரும். அழிச்சிட்டு மறுபடி போய்க் கேளு. மூணு வாரம் இருக்கு."

அன்றே அழித்தேன். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டியதும் போய்விட்டது.

மறுபடி போனபோது பயம் இருந்தது. மூன்று வாரத்தில் நாற்பது பேரைப் பிடிக்க வேண்டும், எழுத வேண்டும், இரவு வேலையும் உண்டு. கும்பிடுவதற்கும் குடும்பம் விசாரிப்பதற்கும் நேரமில்லை. படிவத்தை நீட்டி வயதைக் கேட்டேன்.

மசிந்தி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஜூன்ல வந்தவன்தானே நீ?"

"ஆமாம்மா. மறுபடி கேக்கணும். ஆமா, இல்லைன்னு சொன்னா போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா. செயலி பயன்படுமா?"

"பயன்படும்."

"காத்திருக்கிற நேரம் குறையுமா?"

"குறையும்." பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த ஆளப் பாரு."

எல்லாரும் அப்படித்தான். அலுவலகத்து ஆளுக்குச் சொல்லும் பதிலைச் சொல்லி என்னை அனுப்பிவைத்தார்கள். நாற்பதில் முப்பத்தெட்டு பேர் செயலி வேண்டும் என்றார்கள்.

பதில்களை வைத்துப் போட்ட வரைபடத்தைப் பார்த்து டாக்டர் முக்வேவோ முதல்முறையாகச் சிரித்தார். "சுத்தமா இருக்கு. முடிவுரையை மட்டும் எழுதிக் கொடு. தேறிடுவ."

"ஜூன்ல அவங்க வேண்டாம்னாங்க டாக்டர்."

"ஜூன்னு ஒண்ணு இல்ல, ரெந்தானி."

முடிவுரை இரண்டு பக்கம். மற்ற அறுபது பக்கமும் தயாராக இருந்தது. 'இச்செயலியைப் பொதுமக்கள் பெரிதும் வரவேற்கின்றனர்' என்று தட்டுவேன், அழிப்பேன். இதை நேர்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாரம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "எழுதித் தொலைடா" என்றிருந்தால் எழுதியிருப்பேன். முகோனி அப்போது தன் ஆய்வை முடித்துவிட்டு ஊருக்குப் போயிருந்தான்.

ஆய்வை ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள் மாலை நான்கு மணி வரை கோப்பு திறந்தே இருந்தது. நான்கு மணிக்குப் பதிவேற்றும் பக்கம் தானாக மூடிக்கொண்டது. கணினியை அணைத்துவிட்டு, ஆய்வகத்தின் சாவியை அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிய பெண் தலை நிமிராமல் பதிவேட்டில் என் மாணவர் எண்ணை எழுதச் சொன்னாள். எழுதினேன்.

அன்று ஆறு மணிக்குப் பங்கில் வேலை. நடந்தே போனேன்.