வேண்டும் என்றவரும் வேண்டாம் என்றவரும்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அன்று கடையையே திறக்கவில்லை. நாட்டிலேயே பெரிய பல்கலைக்கழகத்தில் மகளுக்கு நேர்முகத் தேர்வு. மார்க்கைப் பற்றிக் கவலையில்லை, பள்ளியில் அவள்தான் முதல். ஆனால் அங்கே வருகிறவர்கள் அத்தனை பேருமே முதல்தான், வேறு ஏதாவது பார்ப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட, ஒரு வருஷமாக அவளை நீச்சலுக்கும் வயலினுக்கும் விரட்டிக்கொண்டிருந்தார். நீச்சல் ஜலதோஷத்தில் முடிந்தது. வயலினை மாடிவீட்டுக்காரர் வந்து கும்பிட்டு நிறுத்தினார். சான்றிதழ்கள் மட்டும் ஒரு ஃபைல் நிறையச் சேர்ந்திருந்தன.

தேர்வு முடிந்து மகள் வெளியே வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"ஃபைலைப் பார்த்தாங்களா?"

"தொடவே இல்லப்பா."

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே நின்ற பிறகுதான் சொன்னாள். "சம இடைவெளியில கிளம்புற பஸ்ஸெல்லாம் ஏன் வழியில ஜோடி சேர்ந்துடுதுன்னு கேட்டாங்க. டிராஃபிக்னு சொன்னேன். ரோடு காலியா இருந்தாலும் சேரும்னாங்க அங்க இருந்த பேராசிரியை. சேரவே சேராதுன்னு சாதிச்சேன்."

"அவங்ககிட்டயே சாதிச்சியா?"

அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. ஏகப்பட்ட கூட்டம். ஒவ்வொருவராகத் தொற்றி ஏறுவதற்குள் பின்னாலேயே இன்னொரு பஸ் காலியாக வந்து நின்றது. மகள் ஏறாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா! லேட்டா வர்ற பஸ்ஸுக்கு ஆள் ஜாஸ்தி நிப்பாங்க. ஏத்த ஏத்த இன்னும் லேட்டாகும். பின்னாடி வர்றதுக்கு ஆளே மிஞ்சாது, சும்மா ஓடி வந்து பிடிச்சுடும். ரோடு காலியா இருந்தாலும்தான்! நான் சொன்னது தப்பு."

"சரி, தப்பு. ஏறும்மா."

அவள் ஏறவில்லை. வந்த வழியே ஓடினாள். அவரும் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூச்சிரைக்க மாடிப்படி ஏறினார். அவர் போய்ச் சேர்வதற்குள் அவள் தேர்வு அறைக் கதவைத் தட்டித் திறந்தேவிட்டாள். உள்ளே வேறொரு பையன் பேசிக்கொண்டிருந்தான். பேராசிரியை உட்படத் தேர்வு நடத்தியவர்கள் மூன்று பேரும் தலை நிமிர்ந்தார்கள். வாசலில் நின்றபடியே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இன்னொருத்தருக்குத் தேர்வு நடக்குது, வெளியே போங்க" என்றார் நடுவில் இருந்தவர். கதவு சாத்தப்பட்டது.

"கெடுத்துட்டியே பாப்பா" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அழுதுவிட்டாள்.

முடிவு வரும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் கிட்டப்பார்வைக்காரருக்குப் படிக்கிற கண்ணாடியைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். செல்போன் சிணுங்கினாலே மகளிடம் நீட்டினார். கடைசியில் இடம் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தபோதுகூட மகளை மூன்று தடவை படிக்கச் சொல்லித்தான் நம்பினார்.

சேர்க்கை நாளன்று நடைபாதையில் அந்தப் பேராசிரியை எதிரே வந்தார். இவருக்கு மனசு கேட்கவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டார்.

"அம்மா, என் பொண்ணுகிட்ட என்னத்தைப் பார்த்து எடுத்தீங்க?"

"கதவைத் தட்டின பொண்ணா?" அவர் சிரித்தார். "தப்புன்னு தெரிஞ்சதும் ஓடி வந்தாளே, அதனால வேணும்னேன் நான். நடுவுல உக்காந்திருந்தவர் வேண்டவே வேண்டாம்னார், அடுத்தவன் தேர்வுல புகுந்து கெடுத்தாளேன்னு. அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு இல்லையா?"

"அப்போ மூணாவது சார்?"

"ரொம்ப நேரம் யோசிச்சார். முதல்ல வேண்டாம்னுதான் சொன்னார். டீ குடிச்சிட்டு வந்து மாத்திக்கிட்டார். ஏன்னு நாங்க கேக்கல."

பேராசிரியை போய்விட்டார். "ஒரு டீ" என்று முனகினார் கண்ணாடிக்கடைக்காரர். சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அடையாள அட்டையை ஆட்டிக்கொண்டே வந்த மகள், "என்னப்பா, முகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. நீ கிளாஸுக்குப் போ" என்றார்.