எதிராளியின் நியாயம்

மச்சினன்தான் அந்தப் பட்டப்பெயரை வைத்தவன். பல்செட் கட்டும் கூடத்தில் நாளெல்லாம் மெழுகோடும் பிளாஸ்டரோடும் மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கணினி முன் உட்கார்ந்து, ஊரில் எது சரி எது தப்பு என்று வலைப்பதிவு எழுதுகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பது? அக்கா புருஷனை நேரில் மாமா என்பான், முதுகுக்குப் பின்னால் நீதிபதி என்பான். போகப் போக ஊரே அப்படித்தான் அழைத்தது. அவருக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நீதிபதியின் பதிவுகளை வாசிப்பவர்கள் சொற்பம். ஆனால் ஊர் வார இதழில் எழுதுகிற அத்தனை பேரும் அந்தச் சொற்பத்துக்குள் அடக்கம். அதற்குக் காரணம் அவர் வைத்திருந்த ஒரு வழக்கம். யாருடைய கட்டுரையையாவது மறுப்பதென்றால், முதலில் அந்த ஆள் சொல்ல வந்ததைத் தன் நடையில், தன்னால் முடிந்த மட்டும் வலுவாக எழுதுவார். அதை அந்த ஆளுக்கே அனுப்பி, "நீங்கள் சொல்வது இதுதானே? விட்டுப்போனது ஏதாவது உண்டா?" என்று கேட்பார். சரி என்று பதில் வந்த பிறகுதான் பதிவேற்றுவார். தன் மறுப்பை மறுநாள்தான் போடுவார். வாசகர் ஒரு ராத்திரியாவது எதிராளியின் நியாயத்தோடு படுத்து எழுந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படி எதிராளிக்காக எழுதப் போய், தானே மனம் மாறி, மறுப்பைக் கைவிட்டதும் உண்டு.

இந்த முறை விவகாரம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

மருத்துவமனை வாசலில் சாலையைக் கடக்க வெள்ளைக் கோடு போட்ட இடம் ஒன்று இருந்தது. அங்கே இரும்புத் தடுப்பு வைத்து அடைத்துவிட்டு, மேலே நடைபாலம் கட்டப்போவதாக நகராட்சி அறிவித்தது. நீதிபதியின் மனைவிக்கு அந்த மருத்துவமனையின் தையலறையில் வேலை. கிழிந்த போர்வை, அறுவைக்கூடத்து அங்கி, வார்டுத் திரைச்சீலை எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். முழங்கால் தேய்ந்துபோய், படி ஏறுவதையே விட்டுவிட்டவர். பேருந்து நிற்பது சாலைக்கு இந்தப் பக்கம், தையலறை அந்தப் பக்கம். தடுப்பு வந்தால் வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்.

தடுப்பு உடனே வேண்டும் என்று வார இதழில் எழுதியவர், சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. வெள்ளைக் கோடு எந்த வண்டியையும் நிறுத்தாது, நிறுத்தும் என்ற நம்பிக்கையைத்தான் கொடுக்கும், அந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது என்பது அவர் வாதம். மின்தூக்கியோடு பாலம் வரும்போது யாருக்கு என்ன கஷ்டம் என்றும் கேட்டிருந்தார்.

நீதிபதி மறுப்பு எழுத உட்கார்ந்தார். ஆனால் மனைவியைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்பதிலேயே மாட்டிக்கொண்டார். எழுதினால் சொந்த வழக்கு என்பார்கள். எழுதாவிட்டால் மறைத்த மாதிரி ஆகும்.

மனைவிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "ரோடு எனக்கு சொந்தம்னு யாருங்க சொன்னா? வலிக்கறது என் காலு. அத எழுதினா என்ன குத்தம்?" என்றார்.

மறுப்பின் முதல் வரியிலேயே அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. தனியாக ஒரு மனு கொடுக்கலாமா என்று மனைவி யோசித்து, வீட்டில் எழுதுகிறவர் ஒருவர் இருக்கும்போது தனக்கென்ன என்று விட்டுவிட்டார்.

பொறியாளர் அம்மாவின் தரப்பை நீதிபதி எழுதி அனுப்பியதும், அந்த அம்மா அன்றே தொலைபேசியில் அழைத்தார். "எல்லாம் சரியா இருக்கு. ஆனா அங்க அடிபட்டு செத்துப்போன அந்த நர்சிங் படிக்கற பொண்ண விட்டுட்டீங்க. அவ இல்லன்னா என் கட்டுரையே இல்ல."

நீதிபதிக்குச் சுருக்கென்றது. அந்தப் பத்தியைத் தாண்டிப் போனது தற்செயல் இல்லை என்று அவருக்கே தெரியும். அவளைச் சேர்த்து எழுதியபோது கட்டுரை வேறு கனம் பெற்றது. வியாழக்கிழமை மாலை 'மருத்துவமனைச் சாலை: முதல் பகுதி' என்று தலைப்பிட்டுப் பதிவேற்றினார். கடைசியில் தன் பெயரைப் போட்டார்.

தடுப்பு பற்றி நகராட்சியிடம் மனுவாகக் கருத்துச் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று மதியமே வேலையை முடித்துக்கொண்டு, இரண்டு பகுதிகளையும் உறையில் போட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். சன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"உங்க மனு காலையிலயே வந்தாச்சே சார். பிரமாதமா எழுதியிருக்கீங்க. ஆதரவுல சேத்தாச்சு."

"எதுக்கு ஆதரவு?"

"தடுப்புக்குத்தான்."

ஒருவருக்கு ஒரு மனுதான், பதிவானதை மாற்ற முடியாது என்றார் எழுத்தர். நீதிபதி எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மனு வாங்கும் நேரம் முடிந்து சன்னல் மூடியது.

நேரே மச்சினனின் பைக் பட்டறைக்குப் போனார். வேறு யார் வேலையாக இருக்க முடியும்? அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி சந்தோஷமாக எழுந்து வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறிப்போனது.

"அக்காவுக்காகத்தான் மாமா ஓடினேன். கடைசி நாளாச்சே, நீங்க உங்க பல்லுங்களக் கட்டிக்கிட்டு மறந்துருவீங்கன்னு பயம். மருத்துவமனைச் சாலைன்னு மேல போட்டிருந்துச்சு, கீழ உங்க பேரு. பிரிண்ட் எடுத்து நீட்டிட்டேன்."

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கவே இல்லையா?"

"நீங்க எழுதினத நான் என்னிக்கு மாமா படிச்சிருக்கேன்?"

பொய் சொல்லத் தெரியாதவனிடம் எப்படிக் கோபப்படுவது? அவனை மன்னிக்க முடிந்தது. வீட்டுக்குப் போவதுதான் கஷ்டமாக இருந்தது.

மனைவி கத்தவில்லை. காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தவர், முழுவதையும் கேட்டுவிட்டு, துணியைப் பிழிந்து வைத்தார். "ஊர்ல எல்லாருக்கும் இன்னிக்கே நியாயம். எனக்கு மட்டும் நாளைக்கா?" என்றார்.

நீதிபதி கணினி முன் உட்கார்ந்தார். இரண்டாம் பகுதியை உடனே பதிவேற்றினார். ஆனால் நகராட்சிக்கு வலைப்பதிவு கணக்கில்லை, முத்திரை விழுந்த தாள்தான் கணக்கு. பொறியாளர் அம்மாவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினார். உங்கள் வாதத்தை என் வாதமாகப் பதிவு செய்துவிட்டார்கள், என் மறுப்பு இதோ, மனுக்களை விசாரிக்கும் நகராட்சிக் கூட்டத்தில் எதிர்த்துப் பேச எனக்கு வாய்ப்பில்லை என்று முடித்தார். எதிராளியிடம் போய் நிற்பது கூச்சமாகத்தான் இருந்தது. 'கூட்டத்துக்கு வாருங்கள், மனைவியையும் அழைத்து வாருங்கள்' என்று மட்டும் பதில் வந்தது.

நகராட்சிக் கூடம் நிறைந்திருந்தது. ஒலிபெருக்கி வீறிட்டு வீறிட்டு அடங்கியது. எதிர்ப்பு மனு கொடுத்தவர்கள் முதலில் பேசினார்கள். பெரும்பாலும் கடைக்காரர்கள், வியாபாரம் கெடும் என்பதைத் தாண்டி அவர்கள் பேச்சு போகவில்லை. பிறகு ஆதரவாளர்கள். தலைவர் பட்டியலைப் பார்த்து நீதிபதியின் பெயரைப் படித்தார்.

எழுந்து நின்று, "ஐயா, நான் ஆதரவு இல்லீங்க," என்றார் நீதிபதி. கூடம் சிரித்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். எதிர்ப்பாளர்கள் நேரம் முடிந்துவிட்டது, ஆதரித்துப் பேசுவதென்றால் பேசலாம், இல்லாவிட்டால் உட்காரலாம் என்றார். நீதிபதி உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

அடுத்த பெயர் பொறியாளர் அம்மாவுடையது. அவர் ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார். "என் தரப்ப அவர் ஏற்கனவே என்னவிட நல்லா எழுதிட்டார், அது உங்க கையில இருக்கு. அதனால என் நேரத்துல அவர் தரப்ப நான் சொல்றேன். தப்பா சொன்னா அவர் என்னை நிறுத்தலாம்."

"நீங்க ஆதரவுதானேம்மா?" என்று தலைவர் குழம்பினார்.

"ஆமாங்க. அதனாலதான்."

சொன்னார். தையலறைக்கு வரும் ஒரு பெண்ணின் முழங்காலில் தொடங்கி, கட்டுப் போட்ட காலோடு வருகிறவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று ஒவ்வொருவராகப் பாலத்தின் அடியில் கொண்டுவந்து நிறுத்தினார். தான் எழுதியதைவிட அது உயிரோடு இருந்ததை நீதிபதி உணர்ந்தார். நிறுத்த ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

பிறகு அவர் திட்ட வரைவை எடுத்தார். மின்தூக்கி வரும் என்று தான் எழுதியிருந்ததாகவும், மாற்றுத் தரப்புக்காக ஓட்டை தேடியபோதுதான் அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்ததாகவும் சொன்னார். மின்தூக்கி இரண்டாம் கட்டத்தில்தான், அதுவும் நிதி இருந்தால் என்று அதில் இருந்தது. "என் பக்கத்துக்காகப் படிச்சப்போ இது என் கண்ணுல படவே இல்ல," என்றார். தாளை மடித்து வைத்தார். "அந்தப் பொண்ண நான் மறக்கல. வண்டி நிக்கணும், அவ்வளவுதான் வேணும். நிக்க வெக்க சிக்னல் போடுங்க. பாலம் கட்டுங்க, வேண்டாங்கல. ஆனா லிஃப்ட் ஓடற வரைக்கும் தடுப்பு போடாதீங்க."

தலைவர் நீதிபதியைப் பார்த்தார். "அவங்க சொன்னது சரிதானா?"

நீதிபதி தலையாட்டுவதற்குள் மனைவி எழுந்துவிட்டார். "ஒண்ணு விட்டுப்போச்சுங்க. சிக்னல் போடறதுன்னா, என்ன மாதிரி நடக்கறவங்க அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் அது நிக்கணும். ஓடறவங்களுக்காப் பாத்து நேரத்த வெச்சுராதீங்க."

தலைவர் அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். தடுப்பைத் தள்ளிவைத்துச் சிக்னல் போடுவதென்று முடிவாக வாரக்கணக்கில் இழுத்தது. இழுத்தாலும் முடிவாயிற்று.

சிக்னல் விளக்குக் கம்பம் நட்ட அன்று காலை, பொறியாளர் அம்மா மருத்துவமனை வாசலில் நின்றிருந்தார். நகராட்சிப் பணியாளர் சிக்னல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மச்சினன் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். நீதிபதி இந்தப் பக்கத்து ஓரத்தில் நின்றார்.

"எப்பவும் போல நடங்க," என்றார் பொறியாளர் அம்மா. "எங்களுக்காக அவசரப்பட்டீங்கன்னா நேரக் கணக்கு தப்பாயிடும்."

விளக்கு மாறியது. மனைவி சாலையில் இறங்கினார். வண்டிகள் நின்றன. நடுவில் வந்தபோது யாரோ ஒலிப்பானை அழுத்தினார்கள். அவர் திரும்பிப் பார்த்தார், ஆனால் நடையைக் கூட்டவில்லை. இரண்டடி மிச்சம் இருக்கும்போதே விளக்கு மாறிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் நேரம் வேணும்," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

பணியாளர் பெட்டிக்குள் எதையோ திருகினார். மனைவி சேலையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி கடக்கத் தயாராக நின்றார்.