டி.சி. கைக்கு வந்தால்தான் ஆள்

...இல்லை, கடைசி இடம் 2015-க்குத்தான், அதில் மணிமேகலைக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அந்த வருடம் உயரத்தைப் பார்த்து மயங்கியது அவள் தப்பு, ஒப்புக்கொள்ள அவளுக்கு என்ன வெட்கம், ஏழு பெண்களும் பனைமரம் மாதிரி நின்றார்கள், தலையால் முட்டியே கோல் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு எடுத்தாள், ஆனால் நின்றார்கள் என்பதுதான் விஷயம், பந்து வந்தாலும் நின்றார்கள், பந்து போனாலும் நின்றார்கள், முதல் ஆட்டத்திலேயே ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்து சாம்பார் சாதம் மட்டும் ஆளுக்கு இரண்டு பொட்டலம் சாப்பிட்டார்கள்... ஆக பதினான்காவது இடம் 2015, அது முடிந்தது. அரூர் பஸ் தருமபுரியை விட்டு வெளியே வந்துவிட்டது, ஜன்னலோரம் இடம் கிடைத்தது நல்ல சகுனம், மடியில் கைப்பை, கைப்பையில் காலியாக ஒரு பிளாஸ்டிக் ஃபைல், திரும்பி வரும்போது அது காலியாக இருக்காது. காலையிலேயே பிரின்சிபால் வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார், மேடம், நம் கல்லூரி ஃபுட்பால் டீமில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த பதினான்கு பேட்ச்சையும் தரவரிசைப்படுத்தி இன்று மாலைக்குள் தரவும், முதல் இடம் பெறும் பேட்ச்சின் படத்தைக் கல்லூரி வாசலில் பெரிய போர்டாக வைக்க நிர்வாகம் விரும்புகிறது. மாலை எதற்கு, மொரப்பூர் தாண்டுவதற்குள் முடித்துவிடுவாள். பதினான்கு வருடமாக அந்தப் பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறாள், அத்தனை பேட்ச்சையும் பொறுக்கி எடுத்தது அவள் ஒருத்திதான், பெற்றவளுக்குத் தெரியாதா எந்தப் பிள்ளை எப்படி என்று.

அவளிடம் ஒரு முறை இருக்கிறது, குத்துமதிப்பாகச் சொல்கிற ஆள் அவள் இல்லை. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை கப் கொண்டுவந்தார்கள், மூன்று வருடமும் கடைசி வரை எத்தனை பேர் இருந்தார்கள், இந்த மூன்றுதான், அதிலும் மூன்றாவதுக்குத்தான் அவளிடம் மதிப்பு அதிகம். கப் இன்று வரும் நாளை போகும், பிள்ளைகள் விட்டுப் போகாமல் இருந்தால்தான் டீம். மற்ற கல்லூரிகளில் பாருங்கள், எட்டுப் பேரைச் சேர்த்தால் இரண்டாம் வருடம் மூன்று பேர், அவளிடம் மட்டும் எட்டுக்கு எட்டு, எப்படி மேடம் என்று மற்ற பி.டி.க்கள் எல்லாம் கேட்பார்கள், அவள் சிரிப்பாள். ஆரம்பத்தில் அவளும் ஏமாந்தவள்தான், 2012-ல் பென்னாகரத்திலிருந்து ஒரு பெண், கோடை முழுக்க வெயிலில் நின்று மணிமேகலைதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள், கல்லூரி திறந்த அன்று அந்தப் பெண் சேலத்துக் கல்லூரி ஜெர்சியில் நிற்கிற படம் ஃபேஸ்புக்கில் வருகிறது, பக்கத்தில் அந்தக் கல்லூரி பி.டி. திருமால் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு எடுத்த முடிவு, டி.சி. கைக்கு வந்தால்தான் ஆள் வந்த மாதிரி. வாய்ப்பேச்சு எல்லாம் தண்ணீரில் எழுதியது. வீட்டுக்கே போய் டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றையும் அசலாக வாங்கி ஃபைலில் போட்டுக்கொண்டு வந்து தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் திருமால் குட்டிக்கரணம் போட்டாலும் நடக்காது. அசலை வைத்திருக்கக் கூடாது என்று சர்க்குலர் வந்தது, வரட்டும், வைத்திருக்கிறோம் என்று யார் சொன்னது, சரிபார்ப்பில் இருக்கிறது, மூன்று வருடமாக நிதானமாகச் சரிபார்க்கிறோம்.

ஐந்தாவது இடம் 2013-க்குக் கொடுக்கலாம், நல்லம்பள்ளியில் ஒரே தெருவைச் சேர்ந்த ஐந்து கபடிக்காரிகள், பந்தை விட்டுவிட்டு ஆளைப் பிடிப்பார்கள், நடுவர் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோனார், ஆனால் ஒரு வருடத்தில் அந்தக் கால்களை அவள் பழக்கினாள், ஐந்து பேரும் கடைசி நாள் வரை இருந்தார்கள், ஐந்தாவது இடம் போதும். கொரோனா பேட்ச் எங்கே... நேரில் செலக்‌ஷன் வைக்க முடியாமல் வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பச் சொன்ன வருடம், தேவிப்பிரியா அனுப்பிய வீடியோவைப் பார்த்து, ஆகா இந்தக் கால்தான் என்று எடுத்தாள், வந்து நின்றால் பந்தை விரல் நுனியால் உதைக்கிறாள், என்னடி இது என்றால், அது எங்க அக்கா மேடம், அக்காவுக்குக் கல்யாணம் ஆயிருச்சு, எனக்குக் காலேஜுல சேரணும்னு ஆசையா இருந்துச்சு என்று அழாமல் சொன்னாள். அப்போதே அவள் டி.சி. பீரோவுக்குள் போய்விட்டது, திருப்பிக் கொடுத்தால் மானக்கேடு, பிறகு பார்த்தால் அந்தப் பெண்தான் மூன்று வருடமும் தடுப்பாட்டத்தில் சுவர். அதிர்ஷ்டம் என்பார்கள், அதிர்ஷ்டம் என்ன அதிர்ஷ்டம், வேறொருத்தி கால் வழியாகவே இவளைக் கண்டுபிடித்த கண் அவளுடையது! 2020-க்கு இரண்டாவது இடம், தயங்காமல். மொரப்பூர் வந்துவிட்டது, வேர்க்கடலை விற்கிறவர் ஏறி இறங்கினார், அவள் மனதுக்குள் பதினான்கில் பதின்மூன்று முடிந்துவிட்டது, இனி முதல் இடம் ஒன்றுதான், அதற்கு யோசனையே தேவையில்லை.

2018. ஒன்பது பேர் சேர்ந்தார்கள், ஒன்பது பேரும் இருந்தார்கள், பல்கலைக்கழகக் கோப்பை வந்தது, கல்லூரி வரலாற்றில் அந்த ஒரே ஒரு முறை. அந்த ஒன்பதில் கருப்பி... சித்தேரி மலையிலிருந்து வந்தவள், இடது கால், அந்த இடது காலை மட்டும் ஒரு போர்டில் வைத்தால் போதும். இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல், இரண்டும் அவள்தான். அந்தப் படம் இன்னும் பி.டி. அறையில் மாட்டியிருக்கிறது, நடுவில் கருப்பி கப்பைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல், வெயில் கண்ணில் அடித்திருக்கும். வெயில்தான். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அது, நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் ஆடிப்பெருக்கு அன்றுதான் கருப்பி வந்து நின்றாள், மேடம், நர்சிங் கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்க, நாளைக்குத்தாங்க, அசல் வேணும், ஒரே ஒரு நாள் குடுங்க, முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துர்றேன். நாளைக்கு இறுதி ஆட்டம். யார்தான் கொடுப்பார்கள்? பீரோ சாவி மாதையன் அண்ணன்கிட்ட இருக்குது, அவரு குடும்பத்தோட ஒகேனக்கல் போயிட்டாரு என்று மணிமேகலை சொன்னாள், பொய் என்று சொல்ல முடியாது, ஆபீஸ் மாதையன் அன்று ஒகேனக்கல்லில்தான் இருந்தார், சாவி மட்டும்தான் அவரிடம் இல்லை. அது இதே கைப்பையில் இருந்தது, ஸ்கூட்டி சாவியோடு ஒரே வளையத்தில். கருப்பி சாயங்காலம் வரைக்கும் அறை வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். மாதையன் வந்தால் வரட்டும் என்று. மறுநாள் ஆடினாள், இரண்டு கோல் போட்டாள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, மறந்துவிட்டிருப்பாள், அந்த வயதில் இன்றைக்கு ஒரு ஆசை நாளைக்கு ஒரு ஆசை. அவளுடைய நல்லதுக்குத்தானே, பட்டம் வாங்கினாளே... அதைப் பற்றி இப்போது எதற்கு, அரூர் வந்துவிட்டது. இப்போது சந்தியாவைப் பற்றி யோசிக்க வேண்டும். கோல் கீப்பர் இல்லாமல் போன வருடம் டீம் பட்ட பாடு போதும், இந்த வருடமும் இல்லையென்றால் டீம் எதற்கு, ஹாஸ்டலில் இலவச இடம் எதற்கு என்று நிர்வாகம் கேட்கும். ஜனவரியில் பள்ளிப் போட்டியில் சந்தியாவைப் பார்த்தாள், சரளைக்கல் தரையில் முழங்கை கிழிய ஒரு பாய்ச்சல் பாய்ந்து பந்தைப் பிடித்தாள், அந்த நிமிடமே இவள் நம் பிள்ளை என்று முடிவு செய்துவிட்டாள். திருமாலும் அன்று அங்கேதான் நின்றார்.

சந்தியாவின் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம், மரவள்ளிக் காட்டை ஒட்டி மாடி எடுக்காத சிமென்ட் வீடு. அவள் அம்மா ராமக்காள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், வாங்க மேடம், உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கறீங்களா என்றாள், மோர் வந்தது, உப்பு தூக்கல், ஹாஸ்டல் பற்றிக் கேட்டாள், சாப்பாடு பற்றிக் கேட்டாள், எல்லாவற்றுக்கும் மணிமேகலையிடம் பதில் இருந்தது, பதினான்கு வருடப் பதில்கள். பிறகு ராமக்காளே எழுந்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு வந்தாள், எல்லாம் இதுலதாங்க இருக்குது மேடம். மணிமேகலை கை நீட்டினாள், ஃபைலை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தாள். அப்போதுதான் வாசற்படியில் நின்றிருந்த சந்தியா, அம்மா, அது இங்கயே இருக்கட்டும் என்றாள். கோபமாக இல்லை, சும்மா சொல்வது போலத்தான். மேடம், நான் வர்றேங்க, திங்கக்கெழம பத்து மணிக்கு நானே எடுத்தாந்து ஆபீஸ்ல குடுக்கறேன், ஜெராக்ஸ் வேணும்னா இப்பவே எடுத்துக்குங்க. மணிமேகலை சிரித்தாள், இதற்கும் அவளிடம் பதில் உண்டு, வூட்டுல எலி கடிச்சிரும் கண்ணு, காலேஜ் பீரோவுல பத்திரமா இருக்கும். எங்க வூட்டுல எலி இல்லீங்க மேடம், ரெண்டு பூனை இருக்குது. ராமக்காள் மகளை முறைத்தாள், ஏன்டி பெரியவங்க கிட்ட இப்படியா பேசறது என்றாள். திருமால் சார் வந்தாரா என்று கேட்டாள் மணிமேகலை. வந்தாருங்க, அவருக்கும் குடுக்கல. பின்ன யாரு உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது? கருப்பி அக்காதாங்க. எந்தக் கருப்பி? உங்க கருப்பி அக்காதாங்க மேடம், இங்க அரூர்ல ஒரு ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கற வேலைல இருக்காங்க, ஞாயித்துக்கெழம எங்களுக்கு கிரவுண்டுல சொல்லித் தருவாங்க, எனக்கு டைவ் சொல்லிக் குடுத்ததே அவங்கதான், சேர்ந்தா உங்ககிட்டதான் சேரணும்னு சொன்னாங்க, மேடம் மாதிரி யாரும் சொல்லித் தர மாட்டாங்கன்னாங்க, ஆனா சர்டிபிகேட்டை மட்டும் ஜாயின் பண்ற அன்னைக்கு நீயே கொண்டுபோ, அன்னைக்கே சரிபார்க்கச் சொல்லி அன்னைக்கே திருப்பி வாங்கிக்கோன்னாங்க. மணிமேகலைக்கு மோர் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வேற எதாவது சொன்னாளா என்று கேட்டாள். இல்லீங்க மேடம், அவ்ளோதான்.

அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் தருமபுரி வண்டி தயாராக நின்றது, ஏறி உட்கார்ந்தாள், ஃபைல் போன மாதிரியே வந்திருந்தது, பதினான்கு வருடத்தில் முதல் முறை. ஒரு டி.சி. போனால் என்ன, அந்தப் பெண் வருவாள், பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்தவளுக்குத் தெரியாதா, சொன்ன சொல் மாறுகிற முகமா அது. பிரின்சிபால் மறுபடியும் அனுப்பியிருந்தார், மேடம் லிஸ்ட்? போனை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள், பதினான்கு, 2015, விரல் தடுமாறவில்லை, பதின்மூன்று, பன்னிரண்டு, ஐந்தாவது 2013, இரண்டாவது 2020. ஒன்று என்று அடித்தாள், பக்கத்தில் 2018 என்று அடித்தாள். கப் கப்தான், அதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் மூன்றாவது கணக்கு, கடைசி வரை இருந்தவர்கள்... பீரோ திறந்தே கிடந்திருந்தால் யார் யார் இருந்திருப்பார்கள்? தேவிப்பிரியா இருந்திருப்பாள், அவளைத் துரத்தினாலும் போயிருக்க மாட்டாள். நல்லம்பள்ளிக்காரிகள் ஐவரும் ஒருத்தியை விட்டு ஒருத்தி போயிருக்க மாட்டார்கள். மற்றவர்கள்? ஒவ்வொரு முகமாகக் கொண்டுவந்து பார்த்தாள், ஒரு பந்தைத் தொட்டதுமே ஆளைச் சொல்லிவிடுகிற அவளுக்கு, இருந்திருப்பாளா போயிருப்பாளா என்று ஒருத்தியைக் கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எட்டுக்கு எட்டு, ஒன்பதுக்கு ஒன்பது... அவள் எண்ணிக்கொண்டிருந்தது பிள்ளைகளையா, பூட்டையா? கருப்பி மறக்கவில்லை. மறக்காமல் இருந்தும் ஒரு பெண்ணைப் பழக்கி இவளிடமே அனுப்புகிறாள்... அதற்கு எந்த இடம் கொடுப்பது, அந்தக் கட்டம் அவள் முறையிலேயே இல்லையே. டோக்கன் கொடுக்கிறாளாம். ஆஸ்பத்திரியில், ஆனால் டோக்கன். கண்டக்டர் டிக்கெட் கேட்டார், பைக்குள் கை விட்டபோது சாவி வளையம் விரலில் மாட்டியது, அதை ஒதுக்கிவிட்டுப் பணத்தை எடுத்தாள். பிறகு போனில் ஒன்றுக்கு எதிரே இருந்த 2018-ஐ அழித்தாள், மறுபடி அடித்தாள், மறுபடி அழித்தாள், முழு லிஸ்ட்டையும் அனுப்பாமல் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை தருகிறேன் சார் என்று மட்டும் அனுப்பினாள். பஸ் நகர்ந்தது. வருவாள், நிச்சயம் வருவாள், கருப்பி அனுப்புகிற பெண் வராமல் போவாளா... பத்து மணி என்றுதானே சொன்னாள், திங்கட்கிழமை, பத்து மணிக்குத்தானே...