ஜித்தாவில் ஆறு நிமிடம்

என் வீட்டுக்காரர் ஜேம்ஸ்ராஜ் சவூதியில், ஜித்தா ஊரில், இருபத்திரண்டு வருடமாக ஏசி மெக்கானிக். அந்த ஊரை ஒரே ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் கேட்காத வருடம் கிடையாது. "அங்கன என்ன இருக்கு? வெயிலும் மணலும்தான். அது நம்ம கோவில்பட்டியிலயே கெடக்கு" என்று முடித்துவிடுவார். இங்கே மணல் எங்கே கிடக்கிறது? மழை பெய்தால் காலில் கிடக்கும் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் கரிசல்தான் கிடக்கிறது. ஆனால் அதைச் சொன்னாலும் பேச்சு மாறுமே தவிர விசா வராது.

அடுத்த வருடம் ஜூலையில் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வருகிறார். நாகலாபுரத்தில் சும்மா கிடக்கும் நிலத்தில் உளுந்து போடப் போகிறாராம். சந்தோஷம்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவர் வந்துவிட்டால் ஜித்தாவை நான் பார்ப்பது ஏது? என் புருஷனுடைய பாதி வயது கழிந்த ஊர் அது. அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வரும். தையல் மிஷினில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடச் சட்டைகள்தான் அந்தக் கோபத்தை வாங்கிக்கட்டிக்கொள்ளும்.

வருடா வருடம் அவர் லீவுக்கு வருவது தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்கு. முதல் விசா கைக்கு வந்தபோது நேர்ந்துகொண்டது. ஜூலைக் கடைசியில் கொடியேற்றம், ஆகஸ்ட் ஐந்து திருவிழா. கொடி ஏறும்போது கீழே நின்று அண்ணாந்து பார்க்காவிட்டால் அவருக்கு அந்த வருடமே வருடமில்லை. இந்த வருடமும் அப்படியே வந்தார், பார்த்தார், சப்பரத்துக்குப் பின்னால் நடந்தார், கால் வலி என்று என்னிடம் தைலம் கேட்டார்.

திருவிழா முடிந்து ஒரு வாரம் கழிந்து, ஒரு காலையில், எங்கள் மகள் ஆஸ்லின் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வீட்டிலும் எங்களைப் பிள்ளைகளாக நினைத்துக்கொள்வாள்.

"எம்மா, நேத்து ஸ்பெயின்ல முழுக் கிரகணம். சனங்க எப்படி அழுதாவ பாருங்க."

பார்த்தேன். வெளிச்சம் சட்டென்று போய்விடுகிறது. சூரியன் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம், அதைச் சுற்றி வெள்ளையாக ஏதோ விரிகிறது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள்.

"இதென்ன பெருசு? நம்ம ஊர்லயும்தான் ஒரு மாட்டுப்பொங்கலுக்கு வந்துச்சு" என்றேன்.

"அது வளையக் கிரகணம்மா. சுத்தி வெளிச்சம் இருந்துகிட்டேதான் இருக்கும். அதையும் நீங்க எங்க பாக்க விட்டீங்க?"

சொல்லத்தான் செய்வாள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற நான், அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டு ராமலட்சுமியின் பேச்சைக் கேட்டு, குடத்துத் தண்ணீரில் தர்ப்பைப் புல்லைப் போட்டு, பிள்ளையையும் உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். அழுது அழுது தூங்கிப்போனாள். அந்தக் கடுப்பில்தான் அறிவியல் படித்தாளோ என்னவோ.

"சரிட்டி, அடுத்தது எங்கன? நம்ம பக்கம் வருமா?" என்று கேட்டுக்கொண்டே இவர் காப்பியோடு வந்து உட்கார்ந்தார்.

ஆஸ்லின் போனில் ஒரு வரைபடத்தைப் பெரிதாக்கினாள். "அடுத்த வருசம் ஆகஸ்ட் ரெண்டு, திங்கக்கிழமை. நமக்கு சாயங்காலம் ஒரு ஓரமா கொஞ்சம் கடிச்ச மாதிரிதான் தெரியும். முழுசாத் தெரியுறது இந்தக் கோட்டுக்குள்ளதான். தெக்கு ஸ்பெயின், மொராக்கோ, எகிப்து, அப்புறம் செங்கடலத் தாண்டி..." விரல் நின்றது. "எப்பா! ஜித்தா!"

"எங்க ஜித்தாவா?"

"ஒங்க ஜித்தாவேதான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். நேத்து ஸ்பெயின்ல ரெண்டு நிமிசம்கூட இல்ல. அங்க ஆறு நிமிசம். உலகமே பிளேன் ஏறி வரும்."

இவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆகஸ்ட் ரெண்டா? கொடியேத்தத்துக்கு வந்துருவேனே. அன்னைக்கு நான் இங்கனல்லா இருப்பேன்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உலகமே அங்கே போகும். அங்கேயே கிடக்கிற மனிதர் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவார். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெயிலும் மணலும் தவிர ஒன்றுமே இல்லாத ஊரில் காட்டுவதற்கு ஒன்று வந்துவிட்டது.

"ஏங்க, அந்த ரெண்டாம் தேதி வரைக்கும் அங்கனயே இருங்க. நான் வாரேன். பாத்துட்டு மறுநாள் ரெண்டு பேருமாக் கெளம்புவோம். திருவிழாவுக்கு வந்துரலாம்."

"கொடியேத்தம் போயிருமே."

"சப்பரம் இருக்குல்லா? மாதா ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாவ."

"லாட்ஜ்ல எடம் கெடைக்காது. வெயிலு வேற தாங்க மாட்ட. போன்ல போடுவான், அதுல பாரு."

அவ்வளவுதான். கரண்டியை வைத்துவிட்டேன். "சூரியன எவன் வேணும்னாலும் பாத்துட்டுப் போறான். எனக்கு அதா பெருசு? நீங்க படுக்குற கட்டிலு, நீங்க டீ குடிக்குற கடை, அதப் பாக்கணும்னு கேக்கேன். இருபத்திரண்டு வருசமாக் கேக்கேன். பொண்டாட்டிய ஒரு தடவ கூட்டிட்டுப் போறதுல ஒங்களுக்கு அப்படி என்ன கேவலம்?"

அவர் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"ரூம்ல நாங்க ஆறு பேரு" என்றார். "எல்லாம் நம்ம பக்கத்து ஆளுவ. ஒருத்தன் வீட்டுக்காரியும் இதுவரைக்கும் அங்கன வந்ததில்ல. நான் மட்டும் ஒன்னயக் கூட்டிட்டுப் போயி நிறுத்துனா, மத்த அஞ்சு பேரு மூஞ்சிய எப்படிட்டி பாப்பேன்? அதான். வேற ஒண்ணுமில்ல."

இதை முதல் வருடமே சொல்லித் தொலைத்திருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், அந்த ஐந்து பேரை நினைத்து நெஞ்சு கனத்தது. சரி, ஜித்தா வேண்டாம், விட்டுவிடுவோம் என்று மனதுக்குள் முடிவுகட்டிவிட்டேன்.

ஆஸ்லினுக்கு எங்கள் பொறுமை கிடையாது. அப்பாவின் போனை எடுத்து வீடியோவில் சுடலைக்குமாரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் புதூர்க்காரர், இவருக்கு அடுத்த கட்டில். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கிறது. பல்லில் பிரஷ்ஷோடு வந்து நின்றார்.

"சித்தப்பா, அடுத்த வருசம் ஜித்தாவுல முழுக் கிரகணம். அம்மா பாக்க வரணுங்காவ. ஒங்க அஞ்சு பேருக்கும் கஷ்டமா இருக்கும்னு அப்பா வேண்டாங்காவ."

இவர் போனைப் பிடுங்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தப் பக்கம் சுடலைக்குமார் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"அண்ணாச்சிக்கு கிறுக்கு. மதினி, நீங்க வாங்க. கீழ் வீட்டு மலையாளத்துக் குடும்பம் வருசா வருசம் ஆகஸ்ட்ல ஊருக்குப் போகும். சாவி எங்கிட்டதான் இருக்கும். நான் கேட்டு வைக்கேன், அங்கன தங்கிக்கிடலாம். சமையல் எங்க பொறுப்பு. நீங்க கரண்டியவே தொடக் கூடாது."

சரியென்று தலையை ஆட்டினேன்.

"ஆனா ஒண்ணு கேப்பேன், மதினி." குரல் இறங்கியது. "அண்ணாச்சி சாமான் கொடுக்க எங்க வீட்டுக்குப் போவாவ. வாசல்ல நின்னு கொடுத்துட்டு வந்து 'நல்லா இருக்காவ'ம்பாவ. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லத் தெரியாது. அவ மெலிஞ்சிருக்காளா, நேரத்துக்குச் சாப்பிடுதாளா, ஒண்ணும் தெரியாது. போன்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நீங்க பொம்பள, அடுப்படி வரைக்கும் போவீங்க. பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லுங்க. நேர்ல பாத்த ஆளு சொல்லிக் கேக்கணும்."

அவர் தோளுக்குப் பின்னால் இன்னொரு தலை எட்டிப் பார்த்தது. "மதினி, எங்க வீட்டுக்கும்." அப்புறம் இன்னொன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நான் அவர்களுக்குப் பதில் சொன்னேன். "எல்லார் வீட்டுக்கும் போறேன்யா. ஒரு வீடு விடமாட்டேன்."

போனை வைத்ததும் இவர், "ஊருக்கு வார தேதிய மாத்தணும்னு மேனேஜர்ட்ட இன்னைக்கே சொல்லிருதேன்" என்றார். "கொடியேத்தம்தான் போச்சு" என்று ஒரு முனகல். முனகட்டும். நான் போகிறேன். அது முடிவாகிவிட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போது வந்தது என்று ஞாபகமில்லை.

ஆனால் சுடலைக்குமார் கேட்டதற்கு அடுத்த வருடம் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இவர்தான் இந்த மாதக் கடைசியில் திரும்பிப் போகிறாரே, கையோடு சேதி கொண்டுபோகலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புதூர் பஸ் ஏறுகிறோம். இவர் வழக்கம்போல வாசலில் நிற்கட்டும். நான் அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.